ஒரு சிரிப்பு பாக்கி

குளிர்பெட்டிக்குள் படுக்க ஆள் கிடைத்துவிட்டது என்று தயாரிப்பு நிர்வாகி தியாகராசன் வந்து சொன்னபோது, அந்தப் பெட்டியின் கண்ணாடி மூடியில் விழுந்த வானத்தை எப்படி மறைப்பது என்று இயக்குநர் ஷமா யோசித்துக்கொண்டிருந்தாள்.

பூதலூருக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, இரவு எட்டரை மணித் தொடருக்கான படப்பிடிப்பு மூன்று நாளாக நடந்துகொண்டிருந்தது. தொடரில் பெரியபண்ணையாக நடித்தவருக்குத் திடீரென்று ஒரு சினிமா வாய்ப்பு வந்துவிட்டது. அவர் போய்விட்டார். ஆகவே பெரியபண்ணை சாக வேண்டியதாயிற்று. தொடர்களில் பாதி மரணங்கள் இப்படித்தான் நேர்கின்றன. நடித்தவர் இல்லாமல் அவருடைய சாவை மட்டும் எடுத்தாக வேண்டும். அதே உயரம், அதே வெள்ளை மீசை, பக்கவாட்டில் பார்த்தால் ஏறக்குறைய அதே மூக்கு.

"மூணு நாளா வரப்புல நின்னு நம்மளையே பாத்துக்கிட்டு இருந்தாரே, அவருதான் மேடம். பேரு இராஜாங்கம்" என்றார் தியாகராசன்.

இராஜாங்கம் தோளில் துண்டோடு வந்து நின்றார். அறுபதைத் தாண்டியவர்.

"படுத்துக் கெடக்கணும், அவ்வளவுதானே? அது எனக்கு நல்லா வரும். வீட்டுல கேட்டுப் பாருங்க, அதைத் தவிர வேற ஒண்ணும் வராதுன்னு சொல்லுவா."

யூனிட்டே சிரித்தது. ஷமாவுக்கும் சிரிப்பு வந்தது.

"வீட்ல சொல்லிட்டீங்களாய்யா?"

"சொன்னா அதுல என்ன ருசி இருக்கு? எட்டரை ஆனா எம் பொண்டாட்டி டிவியைத்தாங்க பாக்குறா. நான் குறுக்க போனா 'விலகுங்க'ங்குறா. சரி, நாமளே அதுக்குள்ள போயிட்டா என்ன பண்ணுவான்னு பாப்போமே."

பெட்டி நிஜப் பெட்டி. சுற்றுவட்டாரத்தில் யார் இறந்தாலும் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போகிற பெட்டி. கலை இயக்குநர் அரை நாளுக்கு வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார். இராஜாங்கம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பஸ்ஸில் சன்னலோர இடம் கிடைத்தவர் மாதிரி ஏறிப் படுத்துக்கொண்டார். கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில் மூடியைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தார்கள். ஆனாலும் அவர் மூச்சு விடும்போதெல்லாம் கண்ணாடியில் ஆவி படிந்தது.

"ஐயா, நான் ஆக்ஷன்னு சொன்னதும் மூச்சை அடக்கிக்கணும்" என்றாள் ஷமா.

"எவ்வளவு நேரம்?"

"முடியுற வரைக்கும். முடியலைன்னா கையை ஆட்டுங்க."

"செத்தவன் கையை ஆட்டலாமா?"

நாலைந்து தடவை எடுக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை மருமகளாக நடித்த பெண்ணின் கண்ணில் கிளிசரின் அதிகமாகிவிட்டது. ஒரு தடவை பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம் இரைந்தது. இராஜாங்கத்தின் பேரில் ஒரு குறையும் இல்லை. அவ்வளவு அழகாகச் செத்திருந்தார்.

சினிமாவிலும் தொடரிலும் சாவு எடுத்தால் ஒரு வழக்கம் உண்டு. செத்தவராகப் படுத்தவர், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் போகவேண்டும். பொய்யாகச் செத்ததை அந்தச் சிரிப்பு அழித்துவிடும் என்று நம்பிக்கை. எடிட்டர் முதல் வேலையாக அதை வெட்டி எறிந்துவிடுவார். யாரும் பார்க்காத சிரிப்பு. ஷமா அதை நம்பியவளும் இல்லை, நம்பாதவளும் இல்லை. கேமரா உதவியாளராகச் சேர்ந்த காலத்திலிருந்து ஒரு சாவுக்கும் அதை விட்டதில்லை. உலை வைக்கிறவள் கை தானாக உப்பைத் தேடுகிற மாதிரி அது ஒரு பழக்கம்.

அன்று கடைசி ஷாட் முடிகிற நேரத்தில் சேனலிலிருந்து போன் வந்தது. சாவை ஒரு நாள் முன்னதாகவே ஒளிபரப்ப வேண்டுமாம், எடுத்ததை மாலைக்குள் அனுப்ப வேண்டுமாம். "கட்" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி மாட்டுக்கொட்டகைப் பக்கம் நடந்தாள். திரும்பி வந்தபோது பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊரில் நிஜமாகவே ஒருவர் இறந்துவிட்டார், பெட்டிக்காரர் அவசரப்படுத்தினார். இராஜாங்கம் வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு, தன் மொபெட்டில் ஏறிப் போயிருந்தார்.

மதியத்துக்குமேல் யூனிட் தஞ்சாவூர் லாட்ஜுக்கு வந்துவிட்டது. அன்று மாலையே அதிராம்பட்டினம் கிளம்ப வேண்டும், மறுநாள் விடியற்காலையில் கடற்கரைக் காட்சி. ஷமா அறையில் உட்கார்ந்து வசனத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, கீழே ஒரு அம்மா வந்திருப்பதாகச் சொன்னார்கள். நடிக்க வாய்ப்புக் கேட்டு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

வரவேற்பறையில் சோபா காலியாக இருந்தும் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் வயர்க்கூடை.

"டைரக்டருங்குறது நீங்கதானா?"

"ஆமாம்மா. உக்காருங்க."

"உக்கார வரலைங்க. எம் பேரு அம்சம். காலையில எங்க வீட்டுக்காரரைப் பொணமா படுக்க வெச்சீங்களாம். எந்திரிக்கையில சிரிக்க வெச்சீங்களா?"

காலையில் தன் கை உப்பைத் தேடவே இல்லை என்பது ஷமாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்க தெரு ரெத்தினம் அழுவுற கூட்டத்துல நின்னாளாம்" என்றார் அம்சம். "'யக்கா, உம் புருசன் என்னமா செத்தாரு தெரியுமா'ன்னு ஓடியாந்து சொல்லுறா. அவ நாலு சூட்டிங் போனவ, அவளுக்கு எல்லாம் தெரியும். அவளாத்தான் யோசிச்சா. 'ஆனா எந்திரிக்கையில சிரிக்கலியேக்கா, வேட்டியைத் தட்டிக்கிட்டுல்ல போனாரு'ன்னா. சொல்லிப்புட்டு அவளே வாயைப் பொத்திக்கிட்டா."

"தப்புதாம்மா. என் தப்புதான். போன் வந்துச்சு, மறந்துட்டேன்."

"நாளைக்குக் காலையில அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில சேக்கணுங்க. நெஞ்சுல அடைப்பு. தொறந்து பண்ணுற ஆபரேசன். நாலு மாசமா காத்துக் கெடந்து கெடைச்ச தேதி. இன்னும் தள்ளிப்போட்டா நல்லதில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அவர் சொல்லவே இல்லையே!"

"சொன்னா படுக்க வெச்சிருப்பீங்களா?"

மூச்சை அடக்கச் சொன்னோமே என்று ஷமா நினைத்தாள். முடியுற வரைக்கும் என்றும் சொன்னோமே.

"அவரு சிரிக்காம நான் அனுப்ப மாட்டேங்க" என்றார் அம்சம். குரல் உயரவில்லை. "எம் மவ செந்தாமரை திருச்சியில பேங்குல இருக்கா. 'பைத்தியமாம்மா உனக்கு'ன்னு போன்ல திட்டுறா. படிச்ச புள்ள, திட்டத்தான் செய்வா. இது ஒண்ணுமில்லாத விசயம்னு எனக்குந்தான் தெரியுது. ஆனா அவரை உள்ள கொண்டுபோயி கதவைச் சாத்துனா, வெளிய உக்காந்துருக்கப் போறது நாந்தானே? அந்நேரம் பூரா இதைத்தானே நெனைச்சுக்கிட்டு உக்காந்துருப்பேன்?"

ஷமா உடனே தன் கைப்பேசியைக் காட்டினாள். "வாங்கம்மா, இப்பவே போவோம். இதுல எடுத்துடலாம்."

அம்சம் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "எந்தக் கண்ணு அவரைப் பொணமா பாத்துச்சோ, அந்தக் கண்ணுதாங்க அவரு சிரிக்கிறதையும் பாக்கணும்."

அந்தக் கண் அப்போது லாட்ஜ் வாசலில், அதிராம்பட்டினம் போகிற வேனில், பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. தியாகராசன் வேன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கேமராவை எறக்குங்க. பூதலூர் வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்."

"மேடம், அதிராம்பட்டினம் தெக்க இருக்கு. பூதலூர் மேக்க இருக்கு."

"அதான் போயிட்டு வந்துடுறேன்னு சொல்லுறேன்."

"எதுக்கு? எடிட்டர் வெட்டிப் போடுற ஷாட்டுக்கா? வாடகைக் கேமரா மேடம் அது. ஆபீஸ்ல கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

"சாவு இன்னும் முடியல, ஒரு ஷாட் பாக்கின்னு சொல்லுங்க."

தியாகராசன் அம்சத்தைப் பார்த்தார். அவருடைய வயர்க்கூடையைப் பார்த்தார். பிறகு வேன் கதவைத் திறந்துவிட்டார்.

கேமரா உதவியாளர் முபாரக் அதிராம்பட்டினத்துக்காரன். இரண்டு மாதம் கழித்து அன்றுதான் வீட்டுக்குப் போகப்போகிறான், மகளுக்கு வாங்கிய பொம்மை பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவனை விட்டுவிட்டுத் தானே தூக்கிக்கொள்ளலாம் என்று ஷமா பெட்டியில் கை வைத்தாள்.

"விடுங்க ராத்தா" என்று, அக்காவிடம் பேசுகிற உரிமையோடு வாங்கிக்கொண்டான். "நானும்தான் பாத்துக்கிட்டு நின்னேன். இன்னொரு கோணம் எடுத்துட்டுச் சிரிக்கச் சொல்லுவீங்கன்னு நெனைச்சுட்டேன். கேட்டிருக்கணும்."

கார் கிளம்பியது. முபாரக் முன்னால், கேமராப் பெட்டி அவன் மடியில். பின்னால் ஷமாவும் அம்சமும்.

ஷமா இராஜாங்கத்தின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். மூக்கின் நிழல் எங்கே விழுந்தது என்று தெரிந்தது. நெற்றியில் வெளிச்சம் அதிகமாகி, மேக்கப்காரரை விட்டுப் பவுடர் போடச் சொன்னது நினைவிருந்தது. முகம் வரவில்லை. காலை முழுவதும் அந்த முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனாலும் வரவில்லை.

இப்படி அவள் இருந்ததில்லை. கூத்தாநல்லூரில் பதினேழு வயதில் கேமராவைத் தொட்டவள். அவளைப் பெற்ற அத்தா ஜெகபர் அலி சவுதியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த வீடியோ கேமரா அது. அவர் திரும்பிப் போனபின் அலமாரியில் கிடந்தது. அந்தக் காலத்தில் ஊர்க் கல்யாணங்களில் ஆண்கள் பக்கத்தை வீடியோ எடுக்க ஆள் இருந்தது. பெண்கள் பக்கத்தில் வெளி ஆண் யாரும் நுழைய முடியாது. தகப்பனும் அண்ணனும் வெளிநாட்டில், கல்யாணத்துக்கு வர லீவு கிடைக்காது. அவர்கள் பார்க்க வேண்டுமே! யாரோ ஒரு மாமி, "ஜெகபர் வீட்டுப் பொண்ணு கையில ஒரு கேமரா இருக்கே" என்றார். அன்றைக்குத் தொடங்கியது. உள்ளே போய்ப் பெண்களை எடுத்தாள். மருதாணிக் கையை எடுத்தாள். பிரியாணி தாளிக்கிறவர்களை எடுத்தாள். கேசட் விமானம் ஏறி ரியாத்துக்கும் துபாய்க்கும் போனது. பிறகு சென்னை. யூனிட்டில் ஒரே பெண்ணாக, கேமராப் பெட்டி தூக்க மட்டும் என்று பல வருடம். ஒரு நாள் ஒளிப்பதிவாளர் வராமல் போக, அவளே எடுத்தாள். இன்னொரு நாள் இயக்குநர் கோபித்துக்கொண்டு போக, கதை தெரிந்த ஆள் கேமராவுக்குப் பின்னால்தானே நிற்கிறது என்று அதையும் அவளிடமே கொடுத்தார்கள். சம்பளம் மட்டும் ஒன்றாகவே இருந்தது.

இப்போது ஒரு நாளைக்கு ஒன்றரை எபிசோடு எடுக்கிறாள். கண்ணீர், அறை, மயக்கம், கண்ணீர். எடுக்கிற முகத்தைப் பார்க்க எங்கே நேரம்?

"ஏங்க" என்றார் அம்சம், நெடுநேரம் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவர். "பெரியபண்ணை நெசமாவே போயிட்டாரா? இல்ல, பின்னாடி திரும்பி வருவாரா?"

"போயிட்டாரும்மா."

"அப்ப அந்த ஒட்டியாணத்தை எடுத்தது யாருன்னு அவருக்குத் தெரியாமலே போயிருச்சா?"

"தெரியாமலே போயிருச்சு."

"சின்ன மருமவதானே?"

ஷமா தயங்கினாள். அதைச் சொன்னால் வேலை போகும்.

"சின்ன மருமவதான்."

"நான் அப்பவே சொன்னேன். அவ நடையே சரியில்ல" என்ற அம்சம், உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சன்னலைப் பார்த்தார்.

குறுவை அறுவடைக் காலம். சாலையில் பாதியை அடைத்து நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். கார் ஊர்ந்து ஊர்ந்து போனது. சூரியன் இறங்கிக்கொண்டே வந்தது. ஓரத்துச் சக்கரம் கொஞ்சம் நெல்லில் ஏறிவிட, துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண் கட்டையை ஓங்கிக்கொண்டு வந்தாள். "கண்ணு பொடனியிலயா இருக்கு?" அம்சம் கண்ணாடியை இறக்கி, "ஆஸ்பத்திரி அவசரம் ஆத்தா" என்றார். அந்தப் பெண் சட்டென்று கட்டையாலேயே நெல்லை ஒதுக்கி வழி விட்டாள்.

இராஜாங்கம் வீட்டு முன்னால் முருங்கை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காரிலிருந்து கேமராப் பெட்டி இறங்குவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அடிப்பாவி! கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு இதுக்கா தஞ்சாவூர் போன? அவங்க எவ்வளவு பெரிய வேலையில இருக்காங்க..."

"எங்கிட்டச் சொல்லாம நீங்க செத்தீங்கள்ல? உங்ககிட்டச் சொல்லாம நான் தஞ்சாவூர் போனேன்."

தெரு கூடிவிட்டது. ரெத்தினமும் முன்னால் வந்து, தான்தான் இதற்கெல்லாம் மேற்பார்வை என்பது போல நின்றாள். முபாரக் கேமராவை முக்காலியில் பொருத்தினான். ஷமா சொன்னாள், "ஐயா, இந்தக் கண்ணாடியைப் பாத்து ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்."

இராஜாங்கம் சிரித்தார். சிரித்தார் என்று சொல்ல முடியாது, பல் தெரிந்தது. ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்கிறவர் போல இருந்தது.

"இது சிரிப்பாண்ணே? பல்லு வலிக்காரன் கூட இதைவிட நல்லா சிரிப்பான்" என்றாள் ரெத்தினம்.

மறுபடி முயன்றார். எதிர்வீட்டுக் காத்தான் முன்னால் வந்து, தான் போனவாரம் வாய்க்காலில் வழுக்கி விழுந்த மாதிரியே விழுந்து காட்டினார். தெருவே சிரித்தது, இராஜாங்கம் சிரிக்கவில்லை. காலையில் யூனிட்டையே சிரிக்க வைத்தவருடைய முகம் இறுகிக் கிடந்தது.

"சட்டை இல்லாம இருக்கீங்க, அதான்" என்று சொல்லிக்கொண்டே அம்சம் உள்ளே போனார். சட்டை எடுக்கவா, அழவா என்று தெரியவில்லை.

ஷமா எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, இராஜாங்கத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கும் பயமா இருக்காய்யா?"

அவர் வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நல்லா இருந்துச்சுங்க."

"எது?"

"அந்தப் பொட்டி. வெளிய வெயிலு கொளுத்துது, உள்ள சில்லுன்னு கெடக்கு. நெஞ்சு வலியும் இல்ல. சுத்தி நின்னு எல்லாரும் அழுவுறாங்க, அதுவும் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. எந்திரிக்கவே மனசில்லைங்க. வண்டியை எடுத்துக்கிட்டுப் பாதி வழி வந்த பொறவுதான் அதை நெனைச்சு ஒதறல் எடுத்துச்சு. நல்லா இருந்துச்சே, அதாங்க பயமா இருக்கு. நாளைக்கு மயக்க மருந்து குடுத்துப் படுக்க வெச்சா, எந்திரிக்க மனசில்லாமப் போயிட்டா?" துண்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவகிட்டச் சொல்லிடாதீங்க."

தைரியம் சொல்லும் வசனம் ஷமாவின் தொடரில் தினமும் இரண்டாவது வரும். அதில் ஒன்றுகூட இங்கே உதவாது.

அவள் எழுந்து கேமராவை முக்காலியிலிருந்து கழற்றச் சொன்னாள். ஒரு மணைப்பலகை வாங்கிப் போட்டு உட்கார்ந்து, கனமான அந்தக் கேமராவை மடியில் வைத்துக்கொண்டாள். கூத்தாநல்லூர்ப் பந்தல்களில் அப்படித்தான் வைத்துக்கொள்வாள். மணப்பெண்ணைச் சிரி என்று சொன்னால் அவள் அழுதுவிடுவாள். ஆகவே அவளிடம் ஒன்றும் சொல்லக்கூடாது. பக்கத்தில் இருக்கிற மைனியைக் கூப்பிட்டு, இவள் செய்த அக்கிரமம் ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

அம்சம் சட்டையோடு வந்தார். இராஜாங்கம் போட்டுக்கொண்டார்.

"முபாரக், ஓட்டு" என்று மட்டும் சொன்னாள் ஷமா. அவன் கேமராவை ஓடவிட்டான். பிறகு அம்சத்தின் பக்கம் திரும்பி, "அம்மா, நான் ஒண்ணு கேக்கணும். ஐயா பேருல உங்களுக்கு என்ன குறை?"

"குறையா?" அம்சம் புடவையைச் செருகிக்கொண்டார். "எதுலேருந்து ஆரம்பிக்கட்டும்?"

"மொதல்லேருந்து."

"மொதல்லேருந்துன்னா, பொண்ணு பாக்க வந்த அன்னிலேருந்துதான். வந்தாரு, காபி குடிச்சாரு, டம்ளரை எடுத்துக்கிட்டே போயிட்டாரு. புது எவர்சில்வர் டம்ளருங்க! எங்கம்மா ஊரெல்லாம் சொல்லிச்சு, மாப்பிள்ளை டம்ளர் திருடுன ஆளுன்னு."

"திருடலைடி" என்றார் இராஜாங்கம். "கை நடுங்குச்சு. கையில டம்ளரு இருக்குறதே பஸ் ஏறுன பொறவுதான் தெரிஞ்சுது."

"தெரிஞ்ச பொறவு கொண்டாந்து குடுக்க வேண்டியதுதானே?"

"கொண்டாந்தேன்."

"எப்ப?"

"மறுவாரமே. டம்ளரைக் குடுக்குற சாக்குல உன்னை இன்னொரு தடவை பாக்கலாம்னு வந்தேன். நீ நாத்து பறிக்கப் போயிட்ட. உங்கம்மா மட்டும் இருந்துச்சு."

அம்சம் இடுப்பில் வைத்த கையை எடுத்துவிட்டார். "எங்கம்மா எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"எப்படிச் சொல்லும்? டம்ளரை வாங்கி உள்ள வெச்சுது. வெயில்ல வந்துருக்கீங்க தம்பின்னு இன்னொரு டம்ளர்ல மோரு குடுத்துச்சு." இராஜாங்கம் நிறுத்தினார். மீசை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "அதையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்."

"ரெண்டாவது டம்ளரா!"

"நம்ம வீட்டுல அரிசி அளக்குறியே, அதுதான்."

"படுபாவி மனுசா! கடையில வாங்குனதுன்னுல்ல சொன்னீங்க! எங்க வீட்டு டம்ளராலயா நான் இத்தனை வருசமா..." அம்சம் அடிக்கப் போவதுபோலக் கையை ஓங்கினார். அந்தக் கையைப் பார்த்ததும் இராஜாங்கத்துக்குச் சிரிப்பு உடைத்துக்கொண்டது. தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வந்தது. நெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சிரிக்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு மேலும் சிரித்தார்.

திடீரென்று அம்சத்துக்கு நினைவு வந்தது. "ஐயோ, அங்க பாத்துச் சிரிக்கணுங்க! கேமராவைப் பாருங்க!"

அவர் கேமராவைப் பார்த்தார். சிரிப்பு வடியத் தொடங்கியது.

"வேணாம்யா, கேமராவைப் பாக்க வேணாம்" என்றாள் ஷமா. "அம்மா, நீங்க இங்க வாங்க. என் பக்கத்துல குந்துங்க. இன்னும் கிட்ட. உங்க மூஞ்சியை இந்தக் கண்ணாடியை ஒட்டி வெச்சுக்கங்க."

அம்சம் மண்ணில் குந்தி, கன்னத்தை லென்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். இப்போது அவரைப் பார்த்தால் கேமராவைப் பார்த்த மாதிரிதான்.

"டம்ளர் திருடன்" என்றார் அம்சம், கேமராவோடு கேமராவாக இருந்துகொண்டு.

இராஜாங்கம் அவரைப் பார்த்துச் சிரித்தார். ஷமா மடியில் இருந்த சின்னத் திரையைப் பார்க்கவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. சிரிக்கும்போது வலது கண் இடது கண்ணைவிட அதிகமாகச் சுருங்கியது. காலையில் இதில் ஒன்றும் அவள் கண்ணில் படவில்லை. தென்னைகளுக்குப் பின்னாலிருந்து கடைசி வெயில் வந்து அவருடைய காதை மட்டும் சிவப்பாக்கியிருந்தது. காலையில் இரண்டு விளக்கு வைத்துச் செய்ததைவிட அது நன்றாக இருந்தது.

கட் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அம்சம்தான் சொன்னார்.

"போதுங்க. நெஞ்சு வலிக்கப் போவுது." எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். "விழுந்துருச்சா?"

"நல்லா விழுந்துருக்கும்மா" என்றான் முபாரக். திரும்பப் போட்டுக் காட்டினான். அம்சம் நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார். இரண்டாவது தடவையும் போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அதோடு வெளியே போனது போல இருந்தது.

"ஏங்க, காலையில ஆறு மணி பஸ்ஸு. போர்வை, சோப்பு, தட்டு எல்லாம் எடுத்து வைக்கணும். எந்திரிங்க."

"டம்ளரு?" என்றார் இராஜாங்கம்.

"வாயை மூடுங்க."

அவர் எழுந்தார். உள்ளே போகுமுன் ஷமாவிடம் நின்று கையைக் கூப்பினார். ஷமாவும் கூப்பினாள். ஆஸ்பத்திரிக்குத் தேவைப்படலாம் என்று தன் எண்ணை ரெத்தினத்தின் போனில் பதிந்து கொடுத்துவிட்டுக் காரில் ஏறினாள்.

வண்டி சாலைக்கு ஏறியதும் முபாரக் கேட்டான், "ராத்தா, இதை எடிட்டருக்கு அனுப்பவா?"

"அனுப்பு. வெட்டிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாக்கச் சொல்லு."

அதிராம்பட்டினம் வேலை நீண்டுகொண்டே போனது. கடல் நினைத்தபடி இருக்கவில்லை, கதையும் சேனல் நினைத்தபடி மாறிக்கொண்டே இருந்தது. ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று செந்தாமரையிடமிருந்து ஒரு வரிச் செய்தி மட்டும் வந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஷமா இடைவேளைகளில் போனை எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள். அவளாகக் கேட்கத் துணிவு வரவில்லை.

அந்த வாரக் கடைசியில், சின்ன மருமகள் அலைகளைப் பார்த்து நிற்கிற ஷாட்டுக்கு எல்லாம் தயாராக இருந்தபோது போன் அடித்தது.

"மேடம், நான் செந்தாமரை. இராஜாங்கம் பொண்ணு. அப்பாவை இன்னைக்குத்தான் வார்டுக்கு மாத்தினாங்க. நல்லா இருக்காரு. பேசுறாரு."

"பேசுறாரா?"

"ரொம்பப் பேசுறாரு. அதான் பிரச்சினை. அம்மாவே பேசுறேன்னு சொன்னாங்க, ஆனா இப்ப முடியாது போலிருக்கு மேடம். உப்பில்லாத கஞ்சி வேணாங்குறாரு. ஊறுகாய் கேட்டு நர்ஸம்மாகிட்டயே ஆள் அனுப்பிருக்காரு."

பின்னால் அம்சத்தின் குரல் கேட்டது. "நெஞ்சைத் தைச்சு இன்னும் நூலு காயல, உங்களுக்கு மாங்கா ஊறுகா கேக்குதா?" அதற்கு மெலிந்த குரலில் என்னவோ பதில். "என்னது? சத்தமாச் சொல்லுங்க! நான் பொல்லாதவளா? ஆமா, பொல்லாதவதான். கஞ்சியைக் குடிங்க."

"ஹலோ, மேடம்? இருக்கீங்களா? வைக்கட்டுமா?" என்றாள் செந்தாமரை.

"வைக்காதீங்க. அப்படியே போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிங்க."

தியாகராசன் குடைக்கடியிலிருந்து கையை ஆட்டினார். "மேடம், ஷாட் ரெடி! தண்ணி ஏறுது!"

ஷமா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.